ஓட்டில் எழுதிய ஓட்டு

எம்.ஏ. வரலாறு சேர்ந்ததும் விருப்பப் பாடமாகக் கிரேக்க, ரோமானியப் பண்பாட்டை எடுத்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ரிக் வண்டித் தொழில். சித்தப்பாவும் போர்வெல் லாரியோடு வடக்கே போய் வருகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "கிரீஸா? வண்டிக்கு அடிக்கறதையா சாமி காலேஜுல சொல்லித் தர்றாங்க?" என்றார். அது ஒரு நாடு என்று விளக்கினேன். "அங்க தண்ணி எத்தனை அடியில வருமாம்?" என்று கேட்டார்.

பல்கலைக்கழகம் சேலத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி. எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேர் சுற்றுலா மேலாண்மைக்குப் போய்விட, இந்தப் பாடத்தில் மிஞ்சியது ஒரு வேனில் அடங்கிவிடும் கூட்டம்தான். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் ஆத்தூர்க்காரர். ஏதென்ஸ் விவகாரங்களைப் பக்கத்துத் தெருவில் நேற்று நடந்த சண்டைபோலச் சொல்வார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. ரோமாபுரிக் குளியல் கூடங்களில் தண்ணீரைச் சூடாக்க விறகு எங்கிருந்து வந்தது, வீட்டுக்குத் திரும்பும்போது செருப்புத் தொலைந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மேடமும் சளைக்காமல் பதில் சொல்வார். என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்தக் கடைக்காரரின் மகள், அந்த நேரமெல்லாம் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் அதைக் கவனித்ததில்லை.

ஒரு மதியம் மேடம் நாடுகடத்தல் பற்றிச் சொன்னார். ஒருவருடைய செல்வாக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்று ஏதென்ஸ் மக்களுக்குத் தோன்றினால், உடைந்த பானை ஓடுகளில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்களாம். அதிக ஓடு விழுந்தவர் பத்து வருடம் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். குற்றம் ஏதும் சாட்ட மாட்டார்கள். சொத்தும் பறிபோகாது.

"நாமளும் போட்டுப் பாக்கலாமா மேடம்?" என்றாள் தோழி.

மேடம் உடனே சம்மதித்தார். பத்து வருடத்தைப் பத்து வகுப்பாகக் குறைத்துக்கொண்டோம். தோற்றவர் வராண்டாவில் உட்கார வேண்டும். வகுப்புத் தலைவன்தான் போவான் என்று எல்லாரும் நினைத்தோம். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பைக்கில் வருகிறவன்; எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவான். அவனே பயந்துபோய், "எம்பேரை எழுதிராதீங்கப்பா" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான்.

மறுநாள் தோழி விடுதிப் பின்புறம் உடைந்து கிடந்த பூந்தொட்டி ஓடுகளை ஒரு பையில் கொண்டுவந்தாள். காம்பஸ் முனையால் கீறினோம். ஓட்டில் எழுதுவது லேசில்லை. கை வலிக்கிறது, எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முடியாதவர்களுக்கெல்லாம் தோழியே எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான ஓடுகளில் என் பெயர்.

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பையை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. இத்தனை பேருக்கா என்னைப் பிடிக்கவில்லை?

அடுத்த வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வராண்டா மூலையில் அந்த ஓட்டுப் பை கிடந்தது. வேறு வேலை இல்லாததால் ஓடுகளைத் தரையில் பரப்பினேன். என் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி உண்டு. ஓட்டில் புள்ளி வைக்க முனையை ஒருமுறை குத்தினால் போதும். ஆனால் ஓரிரண்டைத் தவிர ஓட்டுக்கு ஓடு அது சின்ன வட்டமாக இருந்தது. வட்டம் போட இரண்டு மடங்கு பாடு. பழக்கதோஷம் இல்லாமல் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். எங்கள் வகுப்பில் புள்ளியை வட்டமாகப் போடுகிறவள் ஒருத்திதான்.

ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், கள்ள ஓட்டு!" என்று கத்தினேன்.

வகுப்பே வெளியே வந்துவிட்டது. மேடம் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தி, ஒவ்வோர் ஓடாக எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏதென்ஸ்லயும் ஒரு கிணத்துல இப்படித்தாம்மா கெடைச்சுது. அத்தனையும் ஒரே ஆளு பேரு. எழுதினது கொஞ்சம் பேருதான்னு கையெழுத்தை வச்சே கண்டுபிடிச்சாங்க. அடுத்த வாரம் நடத்தலாம்னு இருந்தேன். நீயே நடத்திட்ட."

நான் தோழியைப் பார்த்தேன். "ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"நீ கேள்வி கேக்க ஆரம்பிச்சா வகுப்பு முடியுதா? தெனமும் என் பஸ்ஸு போயிருது. லேட்டாப் போனா அத்தா கடை வாசல்லயே நிக்கிறாரு. எழுதித் தான்னு கேட்டாங்க, எழுதுனேன். யாரு பேருன்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. யாருக்கும் என்னைப் பிடிக்காமல் இல்லை. ஒருத்திக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வட்டமில்லாத ஓடுகள் சில இருந்தனவே, அவை யாருடையவை என்று கேட்டேன். வகுப்புத் தலைவன் கையைத் தூக்கினான். மேடமும் மெல்லத் தூக்கினார். "சிலபஸ் முடியணுமில்லம்மா."

அதோடு தண்டனையையும் ரத்து செய்ய மறுத்துவிட்டார். ஏதென்ஸில் யாரும் மறுதேர்தல் நடத்தவில்லையாம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குத் தோழி டிபன் பாக்ஸோடு வராண்டாவுக்கு வந்துவிடுவாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். உள்ளே யாரும் கேள்வி கேட்காததால் பாடம் சீக்கிரம் முடிந்தது, ஆனால் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்தேர்வு வேறு நெருங்கியது. என்னைத் திரும்ப அழைக்க வேண்டுமென்று வகுப்புத் தலைவனே கூட்டம் போட்டான். "பாரசீகப் படை வந்தப்ப ஏதென்ஸும் வெளியே அனுப்புனவங்களைக் கூப்பிட்டுக்கிச்சு" என்று மேடம் அனுமதித்தார். அன்று சாயங்காலம் வாசல் தள்ளுவண்டியில் எல்லாருக்கும் தட்டுவடை செட் தோழியின் செலவு.

அடுத்த வருடம் ஆய்வேட்டுக்கு ஏதென்ஸ் கிணற்றில் கிடைத்த அந்த ஓடுகளின் கையெழுத்துகளையே எடுத்துக்கொண்டேன். அதற்குக் கிரேக்க எழுத்துப் படிக்க வேண்டியிருந்தது. தோழியும் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடை மாடியில், மிளகாய் மூட்டை நெடியில் தும்மிக்கொண்டே ஆல்பா, பீட்டா, தீட்டா என்று ஒப்பித்தோம். ஒருநாள் அவளுடைய அத்தா தேநீரோடு மேலே வந்தார். சற்று நேரம் நின்று கேட்டார்.

"கணக்குப் பாடமா? நல்லாப் படிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.