ஒரு சபையே மறந்த அரிசி

இன்று காலை அரிசி தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னதும், நாலு வீடு தள்ளி மளிகைக்கடை இருப்பதையே மறந்து, பஞ்சம் வந்தவன்போல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். வாங்கி வந்த மூட்டையைப் பிரித்ததும் எழுந்த சாக்கு வாசனையில், ரோட்டை அகலப்படுத்தும்போது இடிபட்ட எங்கள் திருச்சுழிப் பக்கத்து ஓட்டுக்கூரை வேதக்கோயில் கண்முன் வந்து நின்றது.

அதன் பின்னறையில் ஒரு தகர டிரம். உலை வைக்கும்போதெல்லாம் ஒதுக்கிய பிடி அரிசியைப் பெண்கள் ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கொட்டுவார்கள், இல்லாதவர்கள் அள்ளிக்கொள்வார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து மணக்கும். பை முந்தானைக்குள் இருப்பதால் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்று தெரியாது.

மழை பொய்த்த வருஷம், வெளியே வந்த அம்மாவின் பை கனப்பதைத் தொட்டுப் பார்த்துப் பதறி, "அம்மா, அரிசியக் கொட்ட மறந்துட்ட!" என்று கத்தினேன். அவள் எடுத்து வருகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா தலை குனிந்தாள்.

"ஏலே, ஏன் கத்துற? நானுந்தான் மறந்துட்டேன்," என்று வரிசையில் நின்ற போதகரம்மா தன் நிறைந்த பையைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்கும் மறதிதாம்மா," என்றார் பின்னால் நின்ற பெரியம்மா.

வரிசை மொத்தமும் அரிசிப் பையோடு வீடு திரும்பியது. சாயங்கால ஜெபத்துக்கு வந்தபோது அம்மாவைத் தவிர எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

கர்த்தர் புண்ணியத்தில் இன்று என் வீட்டில் மூட்டை நிறைய அரிசி. பாதியைக் காலொடிந்து கிடக்கும் பின்வீட்டு லோடுமேன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டால், மறந்து வைத்துவிட்டேன் என்பேன். செருப்பையே மாற்றிப் போட்டவன், நம்புவார்கள்.