பேசக் கூடாத பஸ்

"ஓட்டுநருடன் பேசக் கூடாது" என்ற பலகை ஒவ்வொரு பஸ்ஸிலும் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலையில் ஒன்றாக இருந்தது. நான் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். விதிகள் எல்லாம் இன்றும் மனப்பாடம். ஓய்வு பெற்றவனிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையிலிருந்து கலசப்பாக்கம் இறங்கும் மதிய வண்டியில் மட்டும் அந்தப் பலகையை யாரும் மதித்ததில்லை. ஓட்டுநருக்கு அநேகமாக முந்தின நாளும் இரட்டைப் பணி இருக்கும். ஓய்வு நேர விதி காகிதத்தில் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மலையில் சாமைச் சோறு தின்று வண்டி எடுத்தால் கண் சொருகும். அதனால் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் புளி மூட்டையோடு வரும் ஓர் அக்காவுக்கு. வளைவுகள் முடியும் வரை ஓட்டுநரை வம்புக்கு இழுத்துக்கொண்டே வருவார்.

நான் ஏறிய அன்று, மரியாதைக்காக அந்த இடத்தை எனக்கு விட்டுவிட்டுப் பின்னால் போனார். ஆபீசர் இருக்கிறார் என்று வண்டியே வாயை மூடிக்கொண்டது. விதிப்படி ஓடும் வண்டி! எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எஞ்சின் சூட்டில் நானே கொட்டாவி விட்டேன்.

வளைவு வந்தது. வண்டி திரும்பவில்லை. ஓட்டுநரின் முகவாய் மார்பில் கிடந்தது.

"யோவ்! இன்னா, மாமியா வூட்டுக் கட்டில்னு நெனப்பா?"

அக்காவின் குரலில் ஓட்டுநர் துள்ளி விழித்து வண்டியைத் திருப்பினார். தடுப்புச் சுவரைத் தகரம் உரசியது.

"தூங்கலக்கா, சும்மா கண்ண மூடிக்கினேன்."

"மூடிக்கோ. வண்டிய நிறுத்திட்டு மூடிக்கோ. நாங்க இன்னா முகூர்த்தத்துக்கா போறோம்?"

"ஆபீசர் இருக்காரு. லேட்டாவுமே."

அக்கா என்னைப் பார்த்தார். "ஐயா உசுரும் இதுலதாங்க கீது."

தாமதமானால் ஓட்டுநர் மீது என்ன நடவடிக்கை என்பது எனக்குத் தெரியும். "நிறுத்துங்க" என்றேன்.

ஓட்டுநர் பின்சீட்டில் படுத்ததும் குறட்டை விட்டார். நாங்கள் மர நிழலில் புளி சப்பிக்கொண்டு நின்றோம். யாரோ சத்தமாகச் சிரிக்க, அக்கா ஜன்னல் வழியே பலகையைக் காட்டினார்: "எழுதிக்கீதில்ல? பேசாதீங்க!" ஓட்டுநர் எழுந்து முகம் கழுவி வந்தபோது கண்ணில் சிவப்பு இல்லை. அக்காவின் இடத்தை அக்காவுக்கே விட்டேன். எத்தனையோ வண்டிகளில் போயிருக்கிறேன். மனம் திரும்பத் திரும்பப் போவது அந்த நின்ற வண்டிக்குத்தான்.

போன மாதம் மருமகன் காரில் அதே மலையை இறங்கினோம். ஏசி, பாட்டு, சாப்பிட்ட பிரியாணி. கொட்டாவியைக் கையால் மறைத்தார்.

"கீழ போய் ஒரு காபி குடிச்சா சரியாய்டும் மாமா."

"கீழ போய்ச் சேரணுமே. ஓரங்கட்டுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்தினார். சீட்டைச் சாய்த்த உடனே தூங்கிப்போனார். பின்னாலிருந்து மகள், "எவ்ளோ நேரம்ப்பா?" என்று ஆரம்பித்தாள்.

நான் உதட்டில் விரல் வைத்தேன்.