கதவில்லாத பாதி

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருந்த எங்கள் ஊருக்குக் கிளை நூலகம் வந்ததற்கு ஒரே காரணம், ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் நெல் கிடங்கை வாடகையில்லாமல் கொடுத்ததுதான். கட்டடம் தருகிற ஊருக்கே நூலகம் என்று இருந்த காலம், எழுபதுகளின் தொடக்கம். தெருவை ஒட்டிய நீண்ட ஒரே அறை. கிழக்கு ஓரத்தில் வாசல், மேற்கு ஓரத்தில் கம்பி போட்ட ஜன்னல். மதுரைக்கு வேலைக்குப் போக பஸ் ஏறுமுன் அங்கேதான் நாளிதழ் படிப்பேன். ஒரே தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிப்போம். கடைசியாகப் படிப்பவர் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும்.

பெரியவர் இறந்த சில வருடங்களில் மகன்கள் பாகம் பிரித்தார்கள். கிடங்கின் கிழக்குப் பாதி இளையவருக்கு. உரக்கடை வைக்கப் போகிறார். மேற்குப் பாதி மூத்தவருக்கு.

"அய்யா கொடுத்ததை நான் திருப்பி வாங்க மாட்டேன். ஜன்னல் இருக்கிற எடத்துல வாசல் வச்சுத் தாரேன்" என்றார் மூத்தவர். எங்கள் நூலகம் பிழைத்தது என்று நினைத்தோம்.

மார்கழியில் யாரும் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். அதனால் கார்த்திகை முடிவதற்குள் குறுக்குச் சுவரை எழுப்பிவிட இளையவர் அவசரப்பட்டார். நாங்கள் பீரோக்களை மேற்குப் பாதிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு வெளியே வந்தோம். கிழக்குப் பக்கம் நின்று கொத்தனார் செங்கல் அடுக்கினார். சுவர் நெஞ்சளவு வந்தபோது அவர்தான் கேட்டார்.

"அண்ணே, நான் பாட்டுக்கு வச்சுக்கிட்டே போறேன். அந்தப் பக்கம் போறதுக்கு வழி எங்க?"

வாசல் வைக்கும்வரை ஓர் ஆள் நுழையச் சந்து விடும்படி நூலகர் கேட்டார்.

"பங்கு பிரிச்ச சுவத்துல சந்து விட்டா, பிரிச்சதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார் இளையவர். "இன்னைக்கே கடைக்குப் பூஜை போட்டாகணும், நாளைக்கு மூட்டை வந்து எறங்குது."

மூத்தவர் வீட்டுக்கு ஓடினேன். இன்றே வாசக்கால் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஆசாரி இன்னும் மரத்தையே இழைக்கலை. விடிஞ்சா மார்கழி. தை பொறக்கட்டும், மொத வேலை அதுதான்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"அவன்கூடப் பேசுற மாதிரி இருந்தா சுவர் எதுக்கு?"

இருவர் மீதும் கோபப்பட என்னால் முடியவில்லை. சாயங்காலம் சுவர் கூரையைத் தொட்டுவிட்டது.

மார்கழியில் நூலகர் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாளிதழ் கொடுத்தார். உள்ளே பீரோக் கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகு தெரிந்தது. "என்னண்ணே, தினமும் கம்பிக்கு வெளிய நின்னு தரிசனமா?" என்று உரம் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நூலகத் துறை மேலதிகாரி பார்வையிட வந்தார். தை வரை பொறுக்கும்படி கேட்டோம்.

"ஆள் நுழைய முடியாத இடத்தை நூலகம்னு நான் எப்படிங்க எழுதுறது? பக்கத்து ஊர்ல வாசலோட கட்டடம் தாராங்க" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

புத்தகங்களை ஏற்றிப் போக லாரி வந்த அன்று மூத்தவரே ஆள் வைத்து ஜன்னல் கம்பிகளைப் பெயர்த்துக் கொடுத்தார். நான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"மார்கழில இதை எடுக்கலாமாண்ணே?"

"எடுக்கிறதுக்கு என்ன? புதுசா வைக்கத்தான் கூடாது."

அந்த மாதம் முழுவதும் எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தாவது நூலகத்தை நடத்தியிருப்போம். நூலகர் என்னைப் பார்த்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றினோம்; காலியான பீரோக்களைப் படுக்கவைத்து ஜன்னல் வழியாக இறக்கினோம்.

தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் மூத்தவர் வாசக்கால் வைத்தார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்.

"சொன்ன மாதிரி வச்சுட்டேன்ல?" என்றார்.

நல்ல அகலமான வாசல். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், தரையில் பீரோ கால்கள் பதிந்திருந்த தடங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அவர் ஆளுக்கொரு இலையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம்.