பாதுகாக்கப்பட்ட கட்டிடம்

"என்ன வேலை பிள்ளை உனக்கு?" என்று கொட்டாஞ்சேனையில் யாராவது கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் சங்கத்தில் விளம்பர வேலை என்று சொல்லி முடிக்க முன்னமே சிரிப்பார்கள். ஜப்பான்காரனோடு வெள்ளைக்காரனுக்குச் சண்டை நடந்த காலம். கொழும்புத் துறைமுகப் பக்கம் குண்டு விழுந்து, பாதிச் சனம் ஊர்களுக்கு ஓடிப்போய், மிச்சப் பாதி வானத்தைப் பார்த்துப் பார்த்து நடந்த நேரம். "மனுசரைக் காப்பாத்த ஆளில்லை, இவள் கதவு யன்னலைக் காப்பாத்தப் போறாளாம்" என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது என் காதுபடவே சொல்லுவார்கள். நானும் சும்மா விடமாட்டேன். "உங்கட வீடு இருக்கிற வடிவுக்கு அதைக் காப்பாத்தச் சொல்லி ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு என் பாட்டில் போவேன்.

சங்கத்துக்குக் கந்தோர், அலுவலகம் என்று தனியாக ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் செயலாளரின் வீட்டு முன்னறைதான் கந்தோர். பின்னால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் போகிறபோதெல்லாம் டைப்ரைட்டர் மேசை அதிரும், காற்றுக்குத் தாள்கள் பறக்கும், நான் அவற்றைத் துரத்திக்கொண்டு திரிவேன். தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் குறிப்பு எழுதுவது, நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது, வந்து பார்க்கும் பெரிய மனிதர்களுக்கு வீடு வீடாகக் காட்டுவது, இதுதான் என் வேலை.

செயலாளர் ஒரு புரொக்டர், வழக்குப் பேசுகிற ஆள். தமிழர்தான். ஆனால் வீட்டு நாயோடுகூட இங்கிலிஷில்தான் கதைப்பார். என்னோடுதான் கொஞ்சம் தமிழ்; அதையும் எழுத வேண்டி வந்தால் அகராதியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுவார். நல்ல மனுசன், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய தமிழில் பிழை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்.

அந்த நேரம் எங்கள் கையில் இருந்த பெரிய அலுவல் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, போடிங் அக்காவின் வீடு. புருசன் செத்தபிறகு, துறைமுகத்தில் வேலை செய்கிற கிளாக்கர்மாரை வாடகைக்கு வைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் அக்கா ரெண்டு குமர்ப்பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டிருந்தா. நகையும் இல்லை, காணியும் இல்லை. அந்த வீடு போனால் அவவுக்கு எல்லாமே போச்சு. இதை நான் மட்டுமில்லை, தெரு முழுக்க அறியும்.

வீடு ஒல்லாந்தர் காலத்தது. வாசல் நிலைக்கு மேலே அரைவட்டமாக ஒரு மரவேலை இருந்தது. முந்திரிகைக் கொடி சுற்றிப் போக, நடுவில் ரெண்டு குருவிகள், அதற்குள்ளே முதன்முதல் அந்த வீட்டைக் கட்டின ஆளின் பெயரெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். வெயில் அதற்குள்ளால் விழுந்தால் உள்ளே நிலத்தில் கொடி படரும். முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அக்காவுக்கு அது ஒரு தொல்லை. "இதுக்குத் தூசி துடைச்சே என்ர தோள்மூட்டுக் கழண்டு போச்சு" என்பா.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. துறைமுகப் பக்கத்தில் நெருக்கமாக இருக்கிற வீடுகளில் ஒரு வரிசையை இடித்து வெளி விடப்போகிறார்கள், குண்டு விழுந்தால் நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தாவாமல் இருக்க. அக்காவின் வீடு அந்த வரிசையின் கடைசி வீடு. செயலாளர் யார் யாரையோ பிடித்து, அதற்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரையைச் சந்தித்துவிட்டார். துரை சொன்னாராம், கடைசி வீடு என்றபடியால் இடிக்கக் கீறின கோட்டைக் கொஞ்சம் வளைக்கலாம், பின்னால் சாமான் ஒன்றுமில்லாமல் கிடக்கிற கிட்டங்கியை இடித்தால் போதும். ஆனால் அந்த மரவேலை அப்படி என்ன பெரிய சாமான் என்று தான் தன் கண்ணால் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னார். ஒரு நிபந்தனை: இடிக்கிற விஷயம் சண்டை இரகசியம், அறிவிக்கும்வரை ஒருவரிடமும் மூச்சுவிடக்கூடாது.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. எங்கள் சங்கம் ஒரு நாளாவது ஒரு மனுசிக்கு உதவப்போகிறது! இரகசியத்தை உடைக்காமல் அக்காவிடம் போய், "திங்கட்கிழமை ஒரு துரை வீடு பாக்க வாறார் அக்கா. பயப்பிடாதேங்கோ. வாசலை மட்டும் துப்புரவா வைச்சிருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அக்கா கொஞ்சம் வெளிறினமாதிரித்தான் இருந்தது. துரை என்றால் யாருக்குத்தான் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் அறைய ஒரு பலகை செய்விப்போம் என்றார் செயலாளர். துரை வந்து இறங்கியவுடன் கண்ணில் படவேண்டும், மூன்று பாஷையிலும். அங்கேதான் சண்டை தொடங்கியது.

"இடிக்க வேண்டாம் எண்டு நேராய் எழுதுவம் சேர்" என்றேன்.

"கவர்ன்மெண்டுக்கு ஓர்டர் போடுறதோ மிஸ்?"

"அப்ப, பேணி வைக்க வேண்டிய பழைய வீடு எண்டு போடுவம்."

"பேணியோ? பேணியில தேத்தண்ணியெல்லோ குடிக்கிறது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அகராதியைத் திறந்து, விரலால் தடவி, "இந்தா, பாதுகாப்பு. 'பாதுகாக்கப்பட்ட கட்டிடம். மிகப் பழைமையானபடியால்.' இதைவிட வடிவான தமிழ் ஆர் எழுதுவினம்?" என்றார். அந்தச் சொல் சரியில்லை, சண்டை தொடங்கின பிறகு பட்டாளத்துக்காரர்தான் அதைப் பாவிக்கிறார்கள், சனம் மிரளும் என்று சொல்லிப் பார்த்தேன். "அகராதியில இருக்குது" என்றார். அவர் அகராதியோடு இருக்கட்டும் என்று விட்டேன். பலகை திங்கட்கிழமை எங்களோடுதானே போகப்போகிறது, நான் பக்கத்தில் நின்று அக்காவுக்கு விளங்கப்படுத்தலாம்.

ஆனால் மனுசனுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமையே பியோனிடம் பலகையைக் கொடுத்தனுப்பி அறைவித்துப்போட்டார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை துரைக்குக் கொடுக்க வீட்டின் வரலாற்றை டைப் அடிக்கவேண்டும் என்று என்னை வெள்ளவத்தைக்கு வரச்சொல்லி, பூசையும் அங்கேயே கண்டு, இருட்டின பிறகுதான் நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை துரையின் காரில் போனோம். முன்னால் துரை, பின்னால் செயலாளரும் நானும். தெருமுனையில் திரும்பும்போதே செயலாளர் விரலை நீட்டி, "அதோ" என்று தொடங்கினவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

வாசலுக்கு மேலே ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை! குருவி இல்லை, கொடி இல்லை. நிலைக்கு மேலே செங்கல் அடுக்கி, அதன்மேல் சீமெந்து பூசி, சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. கதவுக்குப் பளீரென்று பச்சைப் பெயின்ட். பக்கத்துச் சுவரில் எங்கள் பலகை மட்டும் நேராக நின்றது. என்ர மாதாவே! காரைவிட்டு இறங்கினேன். வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் பார்த்தேன்.

அக்கா வாசலுக்கு வந்தா. பூசைக்குக் கட்டுகிற சேலை. துரைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினா. "பிள்ளை சொன்னமாதிரியே துப்புரவாக்கிப் போட்டன்" என்றா.

நான் அவவைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினேன். குசினியில் சோற்றுப் பானை கொதிக்குது. அடுப்புக்குள்ளே முந்திரிகைக் கொடி எரியுது. ஒரு குருவி பாதி கரி. மற்றக் குருவியைத் துண்டாகக் கொத்தி, விறகோடு விறகாக அடுக்கி வைத்திருக்குது. எனக்குப் பின்னாலேயே வந்த அக்கா, "இந்த மரம் என்னமா எரியுது தெரியுமோ? தச்சுப் பாஸுக்கு இதை வெட்டி இறக்க நேற்று முழுக்க எடுத்தது" என்றா.

"ஏனக்கா? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்றேன்.

"பின்னை? பலகையை வாசிச்ச உடனே போடிங்காரத் தம்பிமார் சொல்லிப்போட்டினம். துறைமுகக் கேற்றில இதே சொல்லுத்தானாம் கிடக்குது. பாதுகாக்கப்பட்ட இடம், உள்ளே வரக்கூடாது எண்டு. சிங்களத்திலயும் அதே கதை, இங்கிலிஷிலயும் அதே கதையாம். ஆமிக்காரன் வீட்டை எடுக்கப்போறான். ஏன் என்ர வீட்டை மட்டும் எண்டு பாத்தால், பலகையிலயே கிடக்குது, மிகப் பழைமையானபடியால் எண்டு. பழசாய் இருந்தால்தானே எடுப்பான்? நான் ராவோட ராவாய்ப் புதுசாக்கிப்போட்டன்!"

அடுப்புக்குள் கையை விட்டு, எரிகிற துண்டு ஒன்றை வெளியே இழுத்து, கை வேகிறதும் தெரியாமல் வாசலுக்கு ஓடினேன். துரையின் முகத்துக்கு முன்னால் அதை நீட்டி, இதுதான், இதுதான் அது, நேற்றுவரைக்கும் இருந்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கத்தினேன். கொடியின் ஒரு வளைவும் இலை ஒன்றும் அதில் இன்னும் தெரிந்தன. துரை குனிந்து பார்த்தார். மரியாதையான மனுசன். "மிகவும் வருந்துகிறேன். விறகுக்காக நான் கோட்டை வளைக்க முடியாது" என்று இங்கிலிஷில் மெல்லமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதுதான் தாமதம், அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "பாத்தியோ, பாத்தியோ! பழசு ஒண்டுமில்லையெண்டு பாத்திட்டுப் போயிட்டார்! எரிஞ்ச கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாய் பார், என்ன கெட்டிக்காரி நீ!" மகள்மார் ரெண்டுபேரும் கைதட்டினார்கள். என் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் பூசினா அக்கா.

தெருவுக்கு வந்ததும் செயலாளரைப் பிடித்தேன். சேர் என்றும் பார்க்கவில்லை. "உங்கட அகராதியைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ! ஒரு மனுசியின்ர குடியைக் கெடுத்துப்போட்டு நிக்கிறீங்கள்!" என்று தெரு பார்க்கக் கத்தினேன். மனுசனுக்குக் கண் கலங்கினது. ஆனால் அப்போதும் என்ன சொன்னார் தெரியுமோ? "ஆனால் மிஸ், அந்தத் தமிழ் சரியானதுதானே?"

அக்காவிடம் உண்மையை அன்றைக்கே போட்டு உடைத்திருக்கலாமே என்று பிறகு சிலர் என்னிடம் கேட்டார்கள். சொல்லி? எரிந்தது திரும்பி வருமோ? அதோடு துரையின் இரகசியம் வேறு. எழுதிப் பார்ப்போம், இன்னும் வழியிருக்கும் என்று நம்பினேன். எழுதினோம், மேலிடத்துக்கும் எழுதினோம், செயலாளர் தன் மானத்தை விட்டு அந்தக் கந்தோர் வாசலில் போய் நின்றார். கோடு வளையவில்லை. வரிசை முழுக்க அறிவித்தல் வந்தது, அக்காவின் வீட்டையும் சேர்த்து.

அவர்கள் வெளிக்கிட்ட காலை நான் போனேன். முகத்துவாரத்தில் அக்காவின் தங்கச்சி வீட்டில் ஒரு அறை. மூன்று பேருக்கும் அதுதான். போடிங்காரர் ஏற்கெனவே ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தள்ளுவண்டியில் பானைசட்டி, மேலே சுருட்டின பாய்கள். மூத்தவள் அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். தெருவின் அந்தத் தலைப்பில் ஏற்கெனவே இடிக்கத் தொடங்கி, தூசி எங்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. நான் அழவே கூடாது என்று போனேன். அக்காவைக் கண்டதும் உடைந்துபோனேன்.

"சீ, நீ ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்று அக்கா தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தா. "இது முழுத் தெருவுக்கும் வந்த கேடு. ஆரால மறிக்க ஏலும்? நான் கோயில்ல உனக்கும் உன்ர சேருக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டுத்தான் வாறன். அண்டைக்கு நீங்கள் பலகை அடிச்சு அறிவிக்காட்டி, ஆமிக்காரன் அப்பவே எங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பான். இவ்வளவு நாளும் என்ர வீட்டில நான் படுத்தெழும்பினது உங்களாலதான்."

வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். அக்கா ரெண்டு அடி நடந்து, திரும்பி வந்து, வெந்த என் கையைப் பிடித்துக்கொண்டா.

"மற்றச் சனத்துக்கும் அப்பிடியே செய்யுங்கோ பிள்ளை. பழைய வீடுகள் எவ்வளவு கிடக்குது. எல்லாத்திலயும் பலகை அடிச்சு, நேரத்தோட சொல்லி விடுங்கோ."

"ஓம் அக்கா" என்றேன்.