மர்டாக் பேச ஒரு சூடு

மர்டாக் பேச வேண்டுமானால் அவருக்குப் பின்பக்கம் சூடாக வேண்டும். தென்கோடிக் குளிர்ச்சீமையான சவுத்லாந்தில் ஆண்கள் எல்லாருமே கணப்புக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள்தான். ஆனால் இவர் உட்கார்ந்துவிட்டால் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. நோலீனைக் கட்டிக்கொள்ளக் கேட்டதும், நாற்பத்தெட்டு வருஷம் கழித்துப் ஆட்டுப்பண்ணையை விற்கலாம் என்றதும் கணப்பின் முன்னால் நின்றுதான்.

விற்றபின் குடியேறிய வாடகை வீட்டில் கணப்பு இல்லை. ஐந்து மாதமாக மனிதர் வாயே திறக்கவில்லை. நோலீனுக்கு அதுதான் கவலை.

வின்டன் ஊரில் அவர்களுக்குப் புது வீடு கட்டுகிறவன் லாக்லன், அவள் தங்கை ஐலீன் பெற்ற மூன்றாமவன். அடுத்த வெள்ளிக்கிழமை சுவர்ப் பலகை அடிக்குமுன் கேஸ் கணப்பா, ஹீட் பம்பா என்று சொல்லியாக வேண்டும்.

"ஹீட் பம்ப் போடுங்க பெரியம்மா. வெளியில இருக்கிற சூட்டை இழுத்து உள்ள விடும். செலவும் கம்மி."

"வெளியில எங்கடா சூடு? காலையில நாய்க்கு வெச்ச தண்ணி கல்லாக் கெடந்துச்சு."

"அந்தக் குளிர்லயும் கொஞ்சம் சூடு இருக்கும்."

"இருக்கட்டும். அதைச் சுவத்து உச்சியில மாட்டுறியே, உங்க பெரியப்பா முதுகைக் காட்ட ஏணி போட்டு ஏறுவாரா? எனக்கு கேஸ்தான்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வால்மே வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. அங்கே ஹீட் பம்ப்தான். சாப்பிட்டெழுந்த மர்டாக் முதுகுக்குச் சூடு தேடிச் சுவரோரம் நின்று பார்த்தார். ஃபிரிட்ஜில் சாய்ந்து பார்த்தார்.

"என்னண்ணா, முட்டையிட இடம் தேடுற கோழியாட்டம் சுத்துற?" என்றாள் வால்மே.

மர்டாக் கூடத்தின் நடுவுக்கு வந்தார். மேலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று நேரே அவர் தலையில் விழுந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை மெல்லச் சிவந்தது.

"நோலீன், அந்தக் கறுப்பு மூஞ்சிக் கிடா ஞாபகம் இருக்கா? உங்கப்பா நல்ல சாதின்னு சொல்லி என் தலையில கட்டினாரே."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த நோலீனின் கை நின்றது. கிடாவில் தொடங்கியவர் மாமனாருக்குப் போய், மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி கோர் ஊர்ச் சந்தையில் ஏமாந்ததற்கு வந்து, புது வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு போடுவதுவரை போனார்.

"மெஷினை நிறுத்துறேன். அப்பவாவது அண்ணன் நிறுத்துறானா பார்ப்போம்" என்றாள் வால்மே.

"அதுல கை வெச்சே, அப்புறம் தெரியும் சேதி" என்றாள் நோலீன்.

மறுநாள் லாக்லனுக்குப் போன் போட்டாள்.

"ஹீட் பம்பே போடுடா. ஆனா காத்து கூடத்து நடுவுல, சரியா அஞ்சடி பத்து அங்குலத்துல வந்து விழணும்."

"அது என்ன கணக்கு பெரியம்மா?"

"உங்க பெரியப்பா உயரம்."