மீன் கூடைக்கு ஒரு கார்

ரகுபதி அண்ணன் எதையும் முதலில் விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்பார். படகானாலும் சரி, பலாப்பழமானாலும் சரி. அன்றைக்குச் சாத்தாங்காட்டில் எங்கள் குடோனுக்குப் பின்னால் நின்ற அப்பாவின் பழைய மாருதியை அவர் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ரெசின் டப்பா எடுக்க வந்த மனிதர் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே.

"அண்ணாச்சி, இந்த வண்டிய இன்னா பண்ணப் போற?"

"காயலான் கடைக்குத்தான்ணே. ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"வேணாம். எனக்குக் குடு."

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, எனக்கு நாற்பதுதான். ஆனாலும் நான்தான் அண்ணாச்சி. தெற்கேயிருந்து வந்து கடை போட்டவன் வீட்டில் பிறந்த குழந்தைகூட இந்த ஊருக்கு அண்ணாச்சிதான். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த என் அப்பா ராசையா, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஹார்டுவேர் கடை வைத்தார். இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். ரகுபதி அண்ணன் குப்பத்துக்காரர். தோள்பட்டை இறங்கிப்போகும்வரை கடலுக்குப் போனவர். அதற்குப் பிறகு கரையில் உட்கார்ந்து ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை பார்க்கிறார். ஓட்டை விழுந்த இடத்தில் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசினைப் பூசி அடைக்கிற வேலை. துணியும் ரெசினும் என் கடையில்தான் வாங்குவார்.

அந்தக் கார், மாருதி 800 வரத் தொடங்கிய காலத்து வண்டி. உள்ளே இருக்கிற சாமானெல்லாம் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது என்று அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளப்பார். நான் பார்க்கும்போது உள்ளே எலிகள்தான் இருந்தன.

"ஓடாதுண்ணே. எலி குடித்தனம் பண்ணுது."

"இது சுசுகிதான? நம்ம போட்டுல வெச்ச மோட்டாரும் சுசுகி. அண்ணன் தம்பி மாரி. ஓடும்."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது? எதற்கு இந்தத் தலைவலி என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காரின் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"மங்காவுக்கு."

மங்கம்மா அக்கா அவர் மனைவி. விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவர் குரல் கேட்டுத்தான் எங்கள் தெரு விழிக்கும். விடியுமுன் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, விம்கோ நகரில் நாலு தெருவும் சுற்றுவார். அந்த நாலு தெருவும் அவருடையது. எந்தப் பத்திரமும் கிடையாது. ஒருத்தி குரல் கொடுக்கிற தெருவில் இன்னொருத்தி குரல் கொடுக்க மாட்டாள், அவ்வளவுதான்.

இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. தலையில் சுமை ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடையைப் பார்த்தால் ஷேர் ஆட்டோ நிற்காது. போனில் கூப்பிட்டு வந்த ஒரு டாக்சிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். அக்கா வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அதே குப்பத்து ஜெயக்கொடிதான் இப்போதைக்கு அந்தத் தெருக்களைப் பார்த்துக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பளிச்சென்று பேசுகிறவள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் மீன் கொண்டுவருகிற அன்றைக்கு மங்கம்மா அக்கா வந்தால் தெரு அக்காவுக்கு, வராவிட்டால் இனிமேல் தனக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். குப்பத்தில் அது நியாயமான பேச்சு.

"டிவிய பாத்துகினு குந்திகினு கீறா அண்ணாச்சி. நாலு தெரு கேக்கறா மாரி சவுண்டு வுட்டவ, இப்ப வாயே தொறக்கறதில்ல. சோறு துன்னியான்னு கேட்டா தலைய ஆட்றா. எனக்கு பேஜாரா கீது."

அவர் கண் கலங்கிவிட்டது. காயலான் கடைக்காரனை வர வேண்டாம் என்று அங்கேயே போன் போட்டுச் சொன்னேன்.

படகு இழுக்கிற கயிற்றைக் கட்டி, டெம்போவில் குப்பத்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையேறியிருந்தது. இரண்டு படகுக்கு நடுவில் காரையும் நிறுத்தி அண்ணன் மேலே தார்ப்பாய் போட்டார். அவருக்கு வேலை குவிகிற காலமே அதுதான். வந்த படகுக்காரர்களையெல்லாம் அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினார். "இன்னா மாமு, இத்த எந்தக் கடல்ல எறக்கப் போற?" என்று போகிறவனெல்லாம் கிண்டலடித்தான். அவர் காதில் வாங்கவில்லை.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் முக்கி, தூண்டில் கம்பியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். பெட்ரோல் டேங்கைக் கவிழ்த்தால் துரு கேழ்வரகு மாவு போலக் கொட்டியது. பிரேக் சாமான் எல்லாம் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கி வந்தார். ஒரு காலையில் இன்ஜின் இரண்டு மூன்று முறை இருமி, கரும்புகை கக்கி, அப்புறம் தாளம் தப்பாமல் ஓட ஆரம்பித்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். எலி இன்னும் உள்ளே குடியிருந்தால் அதுவும் கைதட்டியிருக்கும்.

சீட்டுக்கு அடியில் துரு தின்ற இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். பின்பக்க டிக்கிதான் அண்ணனின் சொந்தக் கற்பனை. அரித்துப்போன தகட்டை லைட் மாட்டுகிற இடம்வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு, முழுக்க ஃபைபரில் செய்தார். படகில் மீன் போடுகிற பெட்டி மாதிரியே மூலையெல்லாம் உருட்டி, கீழே ஒரு துளை, அதற்கு ஒரு மரத் தக்கை.

"ஐஸ் கரஞ்ச தண்ணி நின்னா தகடு பூடும் அண்ணாச்சி. இது நூறு வருசம் கெடக்கும்."

வெள்ளைக் காரின் இடுப்பில் படகுக்கு அடிக்கிற நீலப் பட்டை ஒன்றும் வந்தது. மஞ்சள் துணி வைத்துத் துடைத்தே அந்த வண்டியைத் தேய்த்த என் அப்பா பார்த்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார் என்றேன். "வரட்டும், ஒரு ரவுண்டு இட்டுகினு போறேன்" என்றார்.

மங்கம்மா அக்கா மட்டும் கார்ப் பக்கமே வரவில்லை. டீ கொண்டுவந்தால்கூட நாலடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போவார். "கார்ல வந்து மீன் விக்கறவகிட்ட எவ வாங்குவா? அந்தாளுதான் லூசுன்னா நீயுமா அண்ணாச்சி?" என்று என்னையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் ஒரு நாள் யாரும் இல்லாதபோது, தள்ளி நின்றபடியே கையை விரித்து டிக்கியின் அகலத்தையும் தன் கூடையின் அகலத்தையும் மாற்றி மாற்றி அளந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது.

பெயர் மாற்றி, காலாவதியான பதிவைப் புதுப்பிக்கிற அலைச்சல் என் தலையில் விழுந்தது. ஒருவழியாக வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார்கள், ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், எல்லாம் சரி. பிரேக்கை மிதிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு லைட்டும் எரியவில்லை. இண்டிகேட்டரும் இல்லை. சரி பண்ணிக் கொண்டாங்க என்று அனுப்பிவிட்டார். தடைக்காலம் முடிய அதிக நாள் இல்லை.

அண்ணன் பல்பை மாற்றினார், ஒயரை மாற்றினார், மறுபடி பல்பை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். நான் விடாமல் டோல்கேட்டில் கார் ஒயரிங் செய்கிற ஹுமாயூனிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் டிக்கியைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமு, கார்ல பல்புக்கு ஒரு ஒயர்தான் போவும். கரண்டு திரும்பி வர்றது பாடி வழியா. இரும்பு பாடி. நீ பின்னால மொத்தமும் கரண்டு போவாத ஃபைபர்ல போட்டு மாரி கட்டி வெச்சிகீற. கரண்டு இன்னா நீஞ்சியா வரும்?"

படகில் எல்லாவற்றுக்கும் இரண்டு ஒயர்தான் இழுப்பார்கள். காரில் இருந்த ஒயரைப் பார்த்து ஒன்றே ஒன்று எப்படிப் போதும் என்று அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. அவரும் சிரித்துவிட்டார். அங்கேயே ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டாவது ஒயரை பேட்டரிவரை இழுத்தார்கள். அடுத்த முறை எல்லா விளக்கும் எரிந்தது. இன்ஸ்பெக்டர் டிக்கியில் இருந்த தக்கையைப் பிடுங்கிப் பார்த்தார், திரும்பச் செருகினார், கையெழுத்துப் போட்டார்.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன படகுகள் முதல் மீனோடு கரைக்கு வந்த அன்று, இருட்டு பிரியும்போதே நானும் குப்பத்துக்குப் போய்விட்டேன். காருக்கு மாலை போட்டிருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அண்ணன் சூடம் சுற்றித் தேங்காய் உடைத்தார். அக்கா நல்ல புடவை கட்டி, பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாரோ ஒருவர் குரல் எழுப்ப, படகு இறக்கும்போது போடுகிற அதே சத்தம் எல்லோரும் போட்டார்கள். அண்ணன் ஓட்ட உட்கார்ந்ததும் அக்காவின் தம்பி விமல் பக்கத்து முன் சீட்டில் தாவி ஏறினான். அவன் கூட்டாளிகள் பின்னால் ஏறினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் காசிமேட்டைப் பார்த்துப் போயே போய்விட்டது.

அக்கா நெற்றியில் கை வைத்து, வண்டி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். கூடை அவர் காலடியிலேயே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாருக்காகக்கா இந்த வண்டி? உங்கள விட்டுட்டுப் போறாரு!"

"வுடு அண்ணாச்சி. புது போட்டு எறக்கனா மொதோ ஓட்டம் ஆம்பளைங்கதான் போவாங்கோ. பொம்பளைங்க தொடக்கூட மாட்டோம். கரையில நின்னு பாப்போம்."

"அக்கா, இது போட்டு இல்ல. கார்."

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் கூடையைப் பார்த்தார். மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் ஏறியிருக்கணுமா?"

அண்ணனுக்குப் போன் போட்டால் அது வீட்டுக்குள் அலமாரியில் அடித்தது. காசிமேட்டில் ஏலம் முடிந்துகொண்டிருக்கும். ஜெயக்கொடி எப்போதோ கிளம்பிப் போய்விட்டாள். அக்கா கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சாலையைப் பார்த்தார்.

அப்போது நீலப் பட்டை தெரிந்தது. உள்ளே அண்ணன் ஒருவர்தான் இருந்தார். வண்டியை நிறுத்திய வேகத்தில் கதவை மூடக்கூட மறந்து ஓடி வந்தார்.

"ஐயோ மங்கா! கூடை எங்கன்னு கேக்கத் திரும்பறேன், உன் எடத்துல வெமலு குந்திகினு கீறான்! அல்லாரையும் நட்டு ரோட்ல எறக்கி வுட்டேன். நடந்து வரட்டும் கம்னாட்டிங்கோ."

அக்கா முன் கதவருகே போய், படகில் ஏறுகிற ஆண்கள் செய்கிறது போலச் செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்று அண்ணனும் சொல்லவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னையும் ஏறச் சொன்னார்கள். வீட்டுக்குத்தானே போகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏலத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். சங்கராவும் நெத்திலியும்தான் கிடைத்தது. விம்கோ நகரில் நாங்கள் நுழையும்போது ஜெயக்கொடி எங்கள் தெருமுனையில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து மங்கம்மா அக்கா இறங்குவதைப் பார்த்தாள். "வன்ட்டியாக்கா?" என்றாள். டிக்கியிலிருந்து கூடையை எடுக்க ஒரு கை கொடுத்தாள். தன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ரயில்வே கேட் பக்கம் திரும்பி நடந்தாள்.

அக்கா தொண்டையைச் செருமினார். முதல் குரல் கம்மியாக வந்தது. இரண்டாவது குரலில் கதவுகள் திறந்தன.

என் அம்மா ரோஸ்மேரிதான் முதலில் வாசலுக்கு வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏ மங்கம்மா, வண்டியில மொதல்ல ஏறுனது நீதானே?"

"எங்கம்மா? என்ன கரையில வுட்டுட்டு பூட்டாரு."

"அட பாவி மனுசா! பொறவு?"

அக்கா சங்கராவின் செதிலை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வன்ட்டாரும்மா. கண்ணாலம் கட்டிகினு வந்த நாள்ல இருந்து கரையில நின்னுகினுதான் கீறேன். போன மனுசன் இவ்ளோ ஜல்தியா திரும்பி வந்தது இதான் மொதோ தபா."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரகுபதி அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா மீனுக்குப் பாத்திரம் எடுக்க உள்ளே போனார்.