நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தபோது

இங்கே டாக்டர்கள் கூடும்போது ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்தவர் தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாயை மூடிவிட வேண்டும். அவர் அங்கே இல்லாததுபோல மற்றவர்கள் பேசுவார்கள். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இதெல்லாம் கிடையாது. பெரிய டாக்டர் உட்கார்ந்திருப்பார், நாங்கள் நின்றபடி திட்டு வாங்குவோம். கல்யாணமாகிக் கேரள எல்லையில் உள்ள பாறசாலைக்கு வந்து கிளினிக் வைத்த பிறகுதான் நெய்யாற்றின்கரைக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். மாதம் ஒரு ஞாயிறு, குடும்ப மருத்துவர்கள் மட்டும்.

போன மாதம் ராஜம்மையைப் பற்றிச் சொன்னேன். தனுவச்சபுரத்துப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சர்க்கரை இறங்கவில்லை, காலில் புண் ஆறவில்லை. மாத்திரை போடுகிறாரா என்று கேட்டால் "ஷரி டாக்டரே" என்று மலையாளத்தில் சொல்வார், அவ்வளவுதான். மறுநாள் இன்சுலின் தொடங்குவதாக இருந்தேன். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

கூட்டத்தை நடத்தும் மூத்த டாக்டர் சுகுமாரன் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. "ஷரின்னு மட்டும் சொல்லுத ஆளு வீட்டில எந்த பாஷை பேசுவாவ?" என்று கேட்டார்.

"அங்க நெறையப் பேரு வீட்டில தமிழாக்கும்," என்றார் அந்த ஊர்க்காரரான பிந்து டாக்டர். "நாம மலையாளத்தில தொடங்கினா மரியாதைக்கு அதிலயே பதில் சொல்லுவாவ."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. பாடுபட்டுக் கற்ற மலையாளத்தை அந்த அம்மாளிடம் மாதக்கணக்கில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் தமிழில் கேட்டேன். ராஜம்மை கண்ணை அகல விரித்தார். "டாக்டர் தமிழாக்கும்? எனக்குத் தெரியாம போச்சே!" பிறகு கொட்டினார். "விடியுததுக்கு முன்ன மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட வெட்டப் போனா கையும் காலும் கிடுகிடுன்னு விறைக்குது. ஒருநா மரத்தடி மூட்டில விழுந்துட்டேன். அதுக்குப் பொறவு வெட்டு உள்ள நாள் போடமாட்டேன்."

இன்சுலினும் சேர்ந்திருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி ஆளில்லாத தோட்டத்தில் விழுந்து கிடந்திருப்பார்.

மாத்திரையை மாற்றி, போடும் நேரத்தைத் தமிழில் எழுதி நீட்டினேன். அவர் சீட்டைத் திருப்பித் தந்தார்.

"பேசத்தான் அறியும் டாக்டரே, தமிழ் வாசிக்கத் தெரியாது. மலையாளத்தில எழுதித் தாங்க."

கீழே எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்து, எனக்கே தமிழில் திருப்பிச் சொன்னார்: "வெட்டு முடிஞ்சு, தின்ன பொறவு."

அந்தச் சீட்டின் மேல்பாதியை ராஜம்மையால் வாசிக்க முடியாது. கீழ்ப்பாதியைத் தஞ்சாவூரில் என் வீட்டார் யாராலும் வாசிக்க முடியாது. இரண்டும் என் கையெழுத்து.